‘பயோ’ என்ற பெயரைப் பார்த்து மட்டும் சேரலாமா? உயிரியல் பொறியியல் படிப்பில் சேரும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, “டாக்டருக்குப் படிக்க இடம் கிடைக்குமா?” என்பதுதான். கிடைக்காது என்று தெரிந்துவிட்டால், யு.பி.யு. விண்ணப்பத்தில் அடுத்து விரல் போய் நிற்பது ‘பயோ’ என்று தொடங்கும் படிப்புகளின்மீது. பயோடெக்னாலஜி, பயோமெடிக்கல் சயின்ஸ், பயோமெடிக்கல் என்ஜினியரிங், பயோபுரோசஸ் என்ஜினியரிங் என்று அங்கே வரிசையாக நிற்கும் பெயர்கள் ஒரே வீட்டு அக்கா தங்கைகள் போலத் தோன்றும். ஆனால், அவற்றில் படிக்கும் பாடங்களும் வேறு. பட்டம் வாங்கிய பிறகு திறக்கும் கதவுகளும் வேறு.

இவற்றில் ‘பொறியியல்’ என்று முடியும் படிப்புகளைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவை மருத்துவம் கிடைக்காதவர்களுக்கான ஆறுதல் பரிசு அல்ல. கணக்கில் விருப்பமும், உயிருள்ளவை எப்படி இயங்குகின்றன என்ற ஆர்வமும் ஒருசேர உள்ள மாணவருக்கான தனித்துறை அது. உயிரியல் நன்றாக வரும், கணக்கு வராது என்பதற்காகவே இதைத் தேர்ந்தெடுப்பவர் முதல் ஆண்டிலேயே திணறிப்போவார். நான்கு ஆண்டு காலமும் பி.டி.பி.டி.என். கடனும் சேர்ந்த முடிவு என்பதால், விண்ணப்பிக்கும் முன்பே விவரம் தெரிந்திருப்பது நல்லது.

உயிரியல் பொறியியல் என்றால் என்ன?

அறிவியல், ஒரு பொருள் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று கேட்கும். பொறியியலின் கேள்வி வேறு. அதே வேலையை ஒவ்வொரு முறையும் பிசகாமல், பாதுகாப்பாக, மக்கள் வாங்கக்கூடிய விலையில் எப்படிச் செய்துகாட்டுவது என்று அது கேட்கும். இந்த இரண்டாவது கேள்வியை உடல், செல், நுண்ணுயிர், பயிர் ஆகியவற்றிடம் கேட்பதுதான் உயிரியல் பொறியியல்.

பல வீடுகளில் மேசை இழுப்பறையில் கிடக்கும் சர்க்கரை அளவு பார்க்கும் கருவியையே எடுத்துக்கொள்ளலாம். விரலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு இரத்தம் பட்டையில் பட்டதும், அதில் பூசப்பட்டுள்ள நொதி இரத்தத்திலுள்ள குளுக்கோஸுடன் வினைபுரிகிறது. அந்த வினையில் எலெக்ட்ரான்கள் விடுபடுகின்றன. அவை உண்டாக்கும் மிகச் சிறிய மின்னோட்டத்தைக் கருவி அளந்து, திரையில் ஓர் எண்ணாகக் காட்டுகிறது.

அந்த நொதியின் குணத்தைக் கண்டறிவது உயிர்வேதியியல் அறிஞரின் வேலை. ஆனால், அந்த நொதியைத் தாளைவிடச் சற்றே தடித்த ஒரு பட்டையில் சீராகப் பூச வேண்டும். வெயிலில் தகிக்கும் வீட்டில் மாதக்கணக்கில் இருந்தாலும் அது கெடக்கூடாது. இலட்சக்கணக்கான பட்டைகளும் ஒரே இரத்தத்திற்கு ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். இவை அனைத்தும் பொறியாளரின் பொறுப்பு. வேதியியல், மின்னணுவியல், பொருளியல்பு, புள்ளியியல் ஆகிய நான்கும் அந்தச் சிறு பட்டையில் ஒன்றுகூடுகின்றன.

இந்தத் துறை இளையது. அமெரிக்காவின் புகழ்பெற்ற எம்.ஐ.டி. கழகமே உயிரியல் பொறியியலைத் தனி இளங்கலைப் படிப்பாக ஏற்றுக்கொண்டது 2005ஆம் ஆண்டில்தான். மலேசியாவில் இதே பெயரில் படிப்பைத் தேடினால் பெரும்பாலும் கண்ணில் படாது. இங்கு அது மூன்று கிளைகளாக, மூன்று வெவ்வேறு பெயர்களில் இருக்கிறது.

முதல் கிளை: உடலும் கருவியும்

பயோமெடிக்கல் என்ஜினியரிங் எனப்படும் உயிர்மருத்துவப் பொறியியல் மனித உடலோடு தொடர்புடைய கருவிகளைப் பற்றியது. இதயத்துடிப்பு அளக்கும் கருவி, ஸ்கேன் இயந்திரங்கள், செயற்கைக் கால், செயற்கை மூட்டு, டையாலிசிஸ் இயந்திரம் எல்லாம் இதில் அடங்கும்.

டையாலிசிஸ் நம் சமூகத்தில் அறிமுகம் தேவைப்படாத சொல். வாரத்திற்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் என்று பல குடும்பங்கள் அதைச் சுற்றியே தங்கள் வாழ்க்கையை அமைத்துக்கொண்டிருக்கின்றன. நோயாளியின் அருகில் பொருத்தப்பட்டிருக்கும் அந்தக் குழாய்க்குள் தலைமுடி போன்ற சுமார் 10,000 மெல்லிய இழைகள் உள்ளன. ஒவ்வோர் இழையும் உள்ளே குழலாக இருக்கும். அதன் உள்விட்டம் சுமார் 0.2 மில்லிமீட்டர். இரத்தம் இழைகளுக்குள் ஒரு திசையிலும், கழிவை வாங்கிக்கொள்ளும் திரவம் வெளியே எதிர்த்திசையிலும் ஓடுகின்றன.

ஏன் எதிர்த்திசை? ஒரே திசையில் ஓடினால் சிறிது தூரத்திலேயே இரண்டு பக்கமும் கழிவின் அளவு சமமாகிவிடும். அதற்கு மேல் கழிவு வெளியேறாது. எதிர்த்திசையில் ஓடும்போது குழாயின் முழு நீளத்திலும் வேறுபாடு நீடிப்பதால் இரத்தம் தொடர்ந்து சுத்தமாகிறது. இதைச் சொல்லிவிடுவது எளிது. எத்தனை இழை, எவ்வளவு நீளம், எவ்வளவு வேகம் என்று கணக்கிட்டுச் சொல்வதைத்தான் மாணவர்கள் மூன்றாம் ஆண்டில் படிக்கிறார்கள்.

முதல் செயற்கைச் சிறுநீரகத்தை 1943ஆம் ஆண்டு, போர்க்கால நெதர்லாந்தில், வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் உருவாக்கினார். சொசேஜ் இறைச்சியை அடைக்கப் பயன்படும் செலோபேன் உறையைச் சுழலும் உருளையில் சுற்றி, அதன் வழியாக இரத்தத்தைச் செலுத்தினார். அங்கிருந்து இன்றைய 10,000 இழைகள் வரை வந்த பாதையில் மருத்துவரோடு பொறியாளரும் கூடவே நடந்திருக்கிறார்.

இரண்டாம் கிளை: நுண்ணுயிரும் தொட்டியும்

பயோபுரோசஸ் அல்லது பயோகெமிக்கல் என்ஜினியரிங் என்பது நுண்ணுயிர்களையும் செல்களையும் தொழிலாளிகளாக வைத்து மருந்து, உணவுப்பொருள், எரிபொருள் தயாரிக்கும் கலை. வேதிப்பொறியியலின் தம்பி என்று இதைச் சொல்லலாம்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு இன்சுலின். 1921இல் டொராண்டோவில் பேன்டிங், பெஸ்ட் இருவரின் ஆய்வுக்குப் பிறகு, பல பத்தாண்டுகள் இன்சுலின் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது. 1978இல் மனித இன்சுலினுக்கான மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவில் புகுத்தி, அந்த பாக்டீரியாவையே இன்சுலின் தயாரிக்க வைத்தனர். 1982இல் அந்த மருந்துக்கு அமெரிக்காவில் விற்பனை அனுமதி கிடைத்தது.

இன்று இந்த வேலை நம் நாட்டிலேயே நடக்கிறது. ஜொகூர், இஸ்கண்டார் புத்ரியில் இந்தியாவின் பயோகான் குழுமம் பெரிய இன்சுலின் தொழிற்சாலையை நடத்துகிறது. அங்கு வேலை செய்யும் ‘தொழிலாளி’ ஈஸ்ட் வகை நுண்ணுயிர். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே இந்த விகிதம் மற்ற இனத்தவரைவிட அதிகம். நம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் இருக்கும் மருந்து எப்படித் தயாராகிறது என்பது ஒரு முழுப் பட்டப்படிப்பின் பாடம் என்பதைப் பல மாணவர்கள் அறிவதில்லை.

மூன்றாம் கிளை: நிலமும் பயிரும்

வேளாண், உயிரமைப்புப் பொறியியல் என்பது மூன்றாவது கிளை. நீர்ப்பாசனம், அறுவடை இயந்திரங்கள், விளைபொருளைக் கெடாமல் காப்பது, பசுமைக்குடில் கட்டுப்பாடு போன்றவை இதன் பாடங்கள். செர்டாங்கில் உள்ள மலேசிய புத்ரா பல்கலைக்கழகம் விவசாயக் கல்லூரியாகத் தொடங்கி வளர்ந்தது என்பதால் இந்தப் பிரிவு அங்கு வலுவாக இருக்கிறது. செம்பனைக் குலை வெட்டுவதற்கு இன்னும் ஆள்பலத்தையே பெரிதும் நம்பியிருக்கும் நாட்டில், இந்தக் கிளைக்குத் தீர்க்கப்படாத கேள்விகள் நிறையவே உள்ளன.

கல்யாணக் கிடாரமும் ஆய்வகக் குடுவையும்

‘நுண்ணுயிர் தானே வளர்கிறது, பிறகு பொறியாளர் எதற்கு?’ என்று கேட்கலாம். இதற்குப் பதில் நம் சமையற்கட்டிலேயே இருக்கிறது. வீட்டில் ஒரு படி அரிசி வடிப்பவர், கல்யாண வீட்டில் ஒரு மூட்டை அரிசியை அதே பக்குவத்தில் வடித்துவிட முடியாது. அளவைப் பெருக்கினால் மட்டும் போதாது. அடியில் பிடிக்கும், நடுவில் வேகாது, மேலே குழையும். அதற்கென்று கைதேர்ந்த சமையல்காரர் வேண்டும்.

ஆய்வகத்தில் ஒரு லிட்டர் குடுவையில் நன்றாக வளரும் நுண்ணுயிரை 1,000 லிட்டர் தொட்டிக்கு மாற்றும்போதும் இதேதான் நடக்கிறது. தொட்டியின் உயரமும் அகலமும் 10 மடங்கு கூடினால், அதன் வெளிப்பரப்பு 100 மடங்கு கூடும். கொள்ளளவோ 1,000 மடங்கு கூடிவிடும். நுண்ணுயிர்கள் வளரும்போது வெப்பத்தை வெளியிடுகின்றன. வெப்பம் 1,000 மடங்கு உண்டாகிறது. அது வெளியேறும் சுவர் 100 மடங்குதான் பெருகியிருக்கிறது. எனவே, குளிர்விக்கும் குழாய்களை வடிவமைக்காவிட்டால், தொட்டிக்குள் இருக்கும் உயிர்கள் தங்கள் சூட்டிலேயே மடிந்துவிடும்.

அடுத்தது காற்று. ஒரு லிட்டர் நீரில் சாதாரண வெப்பநிலையில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். அடர்த்தியாக வளர்ந்த நுண்ணுயிர்கள் அதைச் சில விநாடிகளில் குடித்துவிடும். ஆகவே, விடாமல் காற்றைச் செலுத்த வேண்டும், கலக்க வேண்டும். வேகமாகக் கலக்கினால் நுரை பொங்கும். மென்மையான செல்கள் சிதையும். மெதுவாகக் கலக்கினால் மூச்சுத் திணறும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள சரியான இடத்தைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பதுதான் பயோபுரோசஸ் பொறியாளரின் அன்றாட வேலை. இதனால்தான் இந்தப் படிப்பில் கணக்கு முதுகெலும்பாக இருக்கிறது.

தோட்டத்திற்குப் பக்கத்திலேயே இருக்கும் துறை

இத்துறை நகரத்து மருத்துவமனைகளுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். செம்பனை ஆலைக்கு அருகில் வாழ்ந்தவர்களுக்கு அங்குள்ள கழிவுநீர்க் குளங்களின் வாடை நன்றாகத் தெரியும். ஒரு டன் செம்பனை எண்ணெய் எடுக்கும்போது ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று டன் வரை கழிவுநீர் உண்டாகிறது.

ஒரு நீரில் எவ்வளவு அழுகும் பொருள் இருக்கிறது என்பதை, அதைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்ற கணக்கால் அளக்கிறார்கள். பி.ஓ.டி. என்பது அந்த அளவின் பெயர். ஆலையிலிருந்து வரும் கழிவுநீரில் இது ஒரு லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். 1977ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிகளின் கீழ், ஆற்றில் விடுவதற்கான பொது வரம்பு படிப்படியாக 100 மில்லிகிராமுக்குக் கொண்டுவரப்பட்டது. 25,000 எங்கே, 100 எங்கே! அந்த இறக்கத்தைச் செய்து முடிப்பது குளத்தில் வாழும் நுண்ணுயிர்கள்தான்.

காற்றுப் படாத குளத்தில் அவை கழிவைத் தின்று மீத்தேன் வாயுவை வெளியிடுகின்றன. குளத்தைத் திறந்து வைத்தால் அந்த வாயு வானத்தில் கலந்து, புவி சூடேறுவதற்குக் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு காரணமாகிறது. குளத்தை மூடி வாயுவைப் பிடித்தால் அதுவே எரிபொருள். ஒரு டன் கழிவுநீரிலிருந்து ஏறத்தாழ 28 கன மீட்டர் உயிர்வாயு கிடைக்கும் என்பது துறையில் வழக்கமாகப் பயன்படுத்தும் கணக்கு. அதைக் கொண்டு மின்சாரம் தயாரிக்கும் ஆலைகள் இன்று நாட்டில் உள்ளன. அந்தத் தொட்டிகளை வடிவமைத்து இயக்குவது இந்தப் படிப்பை முடித்தவர்களுக்கு உரிய வேலை.

பால்மரத்தின் கதையும் இப்படித்தான். தோட்டத்தில் முந்தைய தலைமுறை வெட்டிய பால் இன்று மருத்துவக் கையுறையாகவும் கத்தீட்டர் குழாயாகவும் உலகெங்கும் போகிறது. இவ்விரண்டிலும் மலேசியா உலகின் முன்னணி நாடுகளில் ஒன்று. பாலில் இயற்கையாக உள்ள புரதங்கள் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். அவற்றை நீரில் கழுவி அகற்றுவது, முன்பு உள்ளே தூவிய மாவுத்தூளுக்குப் பதிலாகக் கையுறையின் பரப்பையே வழுவழுப்பாக்குவது, செயற்கை நைட்ரைல் இரப்பரைப் பயன்படுத்துவது எல்லாம் பொறியியல் தீர்வுகள். மாவுத்தூள் இட்ட மருத்துவக் கையுறைகளை அமெரிக்கா 2017 ஜனவரியில் தடை செய்தபோது, அதற்கு ஈடுகொடுக்கத் தொழிற்சாலைகளுக்கு இந்த அறிவு தேவைப்பட்டது. கையுறையில் ஊசிமுனை ஓட்டை இருக்கிறதா என்று அறிய, மாதிரிகளில் ஒரு லிட்டர் நீரை ஊற்றித் தொங்கவிட்டுப் பார்க்கும் சோதனைகூட, எத்தனை கையுறைகளை எடுத்துச் சோதித்தால் முழுத் தொகுதியையும் நம்பலாம் என்ற புள்ளியியல் கணக்கில்தான் நிற்கிறது.

நான்கு ஆண்டுகளில் என்ன படிப்பார்கள்?

மலேசியாவில் பொறியியல் இளங்கலைப் பட்டம் பொதுவாக நான்கு ஆண்டுகள். முதல் ஆண்டில் வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதம், விசையியல், வேதியியல், செல் உயிரியல், கணினி நிரலாக்கம், பொறியியல் வரைகலை ஆகியவை இருக்கும். உயிரியல் பாடம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருப்பதைக் கண்டு பலர் திகைப்பது இந்த ஆண்டில்தான்.

இரண்டாம் ஆண்டில் வகைக்கெழுச் சமன்பாடுகள், வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல் ஆகியவை சேரும். உயிர்மருத்துவப் பிரிவில் மின்சுற்றுகளும் உடற்கூறும் உடலியங்கியலும் வரும். பயோபுரோசஸ் பிரிவில் உயிர்வேதியியலும் நுண்ணுயிரியலும் வரும். மூன்றாம் ஆண்டில் பிரிவின் அசல் முகம் தெரியும். கருவியியல், உடலுக்கு ஒவ்வும் பொருள்கள், சமிக்ஞைப் பகுப்பாய்வு ஒரு பக்கம். நொதித்தல் தொட்டி வடிவமைப்பு, பிரித்தெடுத்தல், செயல்முறைக் கட்டுப்பாடு இன்னொரு பக்கம். இடையில் தொழிற்சாலையிலோ மருத்துவமனையிலோ தொழில் பயிற்சி இருக்கும். இறுதி ஆண்டில் தனி ஆய்வுத் திட்டமும் குழுவாகச் செய்யும் வடிவமைப்புத் திட்டமும் உண்டு.

ஆய்வக வேலை இந்தப் படிப்பின் இனிமை. ஆனால், ஒவ்வொரு சோதனைக்கும் அறிக்கை எழுத வேண்டும். ஆங்கிலத்தில் தெளிவாக எழுதும் பழக்கம் இல்லாத மாணவர்களுக்கு, கணக்கைவிட இதுவே பெரிய சுமையாவதும் உண்டு. விடுமுறையிலேயே அந்தப் பழக்கத்தைத் தொடங்குவது கைகொடுக்கும்.

முடிவு எடுக்கப்படுவது படிவம் 4இல்

பெற்றோர் பலர் எஸ்.பி.எம். முடிவுக்குப் பிறகுதான் இதைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள். உண்மையில் கதவு திறப்பதும் மூடுவதும் படிவம் 4இல் பாடத்தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே நடந்துவிடுகிறது. பொறியியலுக்குக் கூடுதல் கணிதமும் இயற்பியலும் அடிப்படை. வேதியியலும் இருந்தால் மூன்று கிளைகளுக்கும் வழி திறந்திருக்கும். உயிரியல் இருந்தால் நல்லது. ஆனால், பல பொறியியல் படிப்புகளில் அது கட்டாயம் இல்லை. ‘கூடுதல் கணிதம் கஷ்டம், விட்டுவிடு, உயிரியல் இருக்கிறதே’ என்று சொல்லும் அறிவுரை, ‘பயோ’ என்ற பெயருள்ள பொறியியலின் கதவையும் சேர்த்தே மூடிவிடுகிறது.

எஸ்.டி.பி.எம். படிப்பவர்கள் கணிதம், இயற்பியல், வேதியியல் என்ற சேர்க்கையைக் கவனிக்க வேண்டும். மெட்ரிகுலேஷன் செல்பவர்கள் தங்களுக்குக் கிடைத்த தொகுதியில் இயற்பியல் இருக்கிறதா என்று முதல் வாரத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். இயற்பியல் இல்லாமல் ஓராண்டு முடித்தபின் பொறியியலுக்கு மாறுவது கடினம்.

எஸ்.பி.எம். தேர்ச்சி சுமாராக இருந்தாலும் வழி முற்றாக அடைபடுவதில்லை. ஷா ஆலாமில் உள்ள சுல்தான் சலாஹுடின் அப்துல் அஸிஸ் ஷா போலிடெக்னிக், மருத்துவ மின்னணுவியல் டிப்ளோமா படிப்பை நடத்திவருகிறது. மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலைக்கு அது நேரடி வழி. நல்ல புள்ளிகளோடு முடித்தால், அங்கிருந்து பட்டப்படிப்புக்கும் போகலாம்.

ஒரு சொல் மாறினால் தகுதியே மாறும்

‘என்ஜினியரிங்’, ‘என்ஜினியரிங் டெக்னாலஜி’, ‘சயின்ஸ்’ ஆகிய மூன்று சொற்களையும் விண்ணப்பத்தில் கூர்ந்து பார்க்க வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டவர்கள், நான்காம் ஆண்டு முடிந்து வேலை தேடும்போதுதான் வேறுபாட்டை அறிகிறார்கள்.

‘என்ஜினியரிங்’ பட்டம் இ.ஏ.சி. எனப்படும் பொறியியல் தர அங்கீகார மன்றத்தின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். அப்போதுதான், 1967ஆம் ஆண்டு பொறியாளர் பதிவுச் சட்டத்தின் கீழ் இயங்கும் மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகத் தடையின்றிப் பதிவு செய்ய முடியும். அனுபவமும் தொழில்முறைத் தேர்வும் முடித்தபின் பெயருக்கு முன்னால் ‘ஐ.ஆர்.’ என்று போட்டுக்கொள்ளும் நிபுணத்துவப் பொறியாளர் தகுதிக்கு அதுவே முதல் படி. மலேசியா 2009இல் வாஷிங்டன் உடன்பாட்டில் முழு உறுப்பினரானது. அதனால், அதன்பின் இவ்வாறு அங்கீகாரம் பெற்ற பட்டங்களை ஆஸ்திரேலியா, பிரிட்டன், சிங்கப்பூர் போன்ற உறுப்பு நாடுகளும் பொறியியல் கல்வித் தகுதியாக மதிக்கின்றன.

‘என்ஜினியரிங் டெக்னாலஜி’ பட்டம் செய்முறைக்கு முதலிடம் தருவது. அதற்குரிய அங்கீகார வழி வேறு. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த மலேசியத் தொழில்நுட்பவியலாளர் வாரியம் இத்தகைய பட்டதாரிகளைப் பதிவு செய்கிறது. அங்கு கிடைக்கும் அடைமொழி ‘டி.எஸ்.’. தொழிற்சாலைகளில் இவர்களுக்கும் நல்ல தேவை உண்டு. எனினும், இரண்டும் ஒன்று என்று எண்ணிச் சேரக்கூடாது.

பயோடெக்னாலஜி, பயோமெடிக்கல் சயின்ஸ் ஆகியவை அறிவியல் பட்டங்கள். பயோமெடிக்கல் சயின்ஸ் படித்தவர் மருத்துவ ஆய்வகத்தில் இரத்தம், திசு ஆகியவற்றைப் பரிசோதிப்பவர்; பயோமெடிக்கல் என்ஜினியர் அந்தப் பரிசோதனைக் கருவியை உருவாக்குபவர் அல்லது பராமரிப்பவர். பெயரில் ஒரு சொல்தான் வேறுபாடு. வேலையோ முற்றிலும் வேறு.

எங்கே படிக்கலாம்?

மலாயாப் பல்கலைக்கழகத்திலும் ஜொகூரில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் உயிர்மருத்துவப் பொறியியல் உள்ளது. கோம்பாக்கில் உள்ள அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் உயிர்வேதி, உயிர்த்தொழில்நுட்பப் பொறியியலுக்கு அறியப்பட்டது. பெர்லிஸ் பல்கலைக்கழகம் பயோபுரோசஸ், மருத்துவ மின்னணுத் துறைகளில் படிப்புகளை நடத்தி வந்துள்ளது. செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்தில் வேளாண், உயிரமைப்புப் பொறியியல் உள்ளது. தனியாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் சுங்கை லோங் வளாகத்தில் உயிர்மருத்துவப் பொறியியல் நடத்துகிறது. மலாக்கா, அலோர் காஜாவில் உள்ள யுனிகேஎல் வளாகம் வேதி, உயிர்ப்பொறியியல் தொழில்நுட்பத்துக்கானது.

படிப்புகளின் பெயரும் அமைப்பும் அவ்வப்போது மாறும். ஆகவே, சேரும் ஆண்டின் பட்டியலை இரண்டு இடங்களில் சரிபார்க்க வேண்டும். ஒன்று, எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி நிறுவனத்தின் பதிவேடு. மற்றொன்று, பொறியாளர் வாரியத்தின் அங்கீகாரப் பட்டியல். இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

வேலை எங்கே இருக்கிறது?

பினாங்குதான் மருத்துவக் கருவித் தொழிலின் மையம். ஜெர்மனியின் பி.பிரவுன் நிறுவனம் 1972 முதல் அங்கு இருக்கிறது. பத்து கவான் தொழிற்பேட்டையில் போஸ்டன் சயின்டிஃபிக், ஸ்மித் அண்ட் நெஃபியூ போன்ற நிறுவனங்கள் தொழிற்சாலைகளை அமைத்துள்ளன. உற்பத்திச் செயல்முறை, தரக் கட்டுப்பாடு, கிருமி நீக்கம், சோதனை ஆகிய பிரிவுகளில் பொறியாளர்கள் தேவைப்படுகிறார்கள்.

அதிகம் பேசப்படாத ஒரு துறை ஒழுங்குமுறைப் பணி. 2012ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டத்தின்படி, கட்டுத்துணி முதல் இதயத்தில் பொருத்தும் கருவி வரை எதுவாயினும் ஆபத்தின் அளவுக்கேற்ப ஏ முதல் டி வரை நான்கு வகுப்புகளில் பிரிக்கப்பட்டு, விற்பனைக்கு முன் பதிவு செய்யப்பட வேண்டும். அதற்கான ஆவணங்களைத் தயாரிக்கப் பொறியியலும் உடலியலும் எழுத்துத் திறனும் சேர்ந்தவர் வேண்டும்.

அரசு மருத்துவமனையில் பொறியாளர் வேலை என்ற கனவோடு வருபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1997 முதல் அரசு மருத்துவமனைகளின் கருவிப் பராமரிப்பு குத்தகை நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. எனவே, வேலை செய்யும் இடம் மருத்துவமனையாக இருந்தாலும் சம்பளம் தருவது பெரும்பாலும் நிறுவனமாகவே இருக்கும்.

இன்னொரு உண்மையையும் மறைக்க வேண்டியதில்லை. இந்தப் படிப்பில் பல துறைகளைத் தொட்டுச் செல்வதால், ‘எல்லாம் கொஞ்சம் தெரியும், எதுவும் முழுதாகத் தெரியாது’ என்ற நிலைக்கு ஆளாகும் ஆபத்து உண்டு. மருத்துவக் கருவித் தொழிற்சாலைகள் இயந்திரப் பொறியாளர்களையும் மின்னணுப் பொறியாளர்களையும் வேலைக்கு எடுக்கின்றன; உயிர்மருத்துவப் பட்டதாரி அவர்களோடுதான் போட்டியிட வேண்டும். பட்டம் முடித்துக் கருவி விற்பனைப் பிரதிநிதிகளாகப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் நல்ல வருமானம் தரும் வேலைதான். ஆனால், வடிவமைக்க ஆசைப்பட்டுச் சேர்ந்தவருக்கு ஏமாற்றமாக இருக்கும். மின்னணுவியல், நிரலாக்கம், பொருளியல்பு, செயல்முறை வடிவமைப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை இரண்டாம் ஆண்டிலேயே தேர்ந்து ஆழமாகக் கற்பதுதான் இதற்கு மருந்து.

விண்ணப்பிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. பிள்ளைக்குக் கணக்குப் போடுவதில் விருப்பம் இருக்கிறதா? எல்லாவற்றிலும் ‘ஏ’ வேண்டும் என்பதில்லை. ஒரு கணக்கோடு அரை மணி நேரம் போராடும் பொறுமை வேண்டும்.

2. பட்டத்தின் முழுப் பெயரில் ‘என்ஜினியரிங்’ என்று இருக்கிறதா, ‘டெக்னாலஜி’ அல்லது ‘சயின்ஸ்’ என்று இருக்கிறதா?

3. சேரும் ஆண்டிற்கு அந்தப் படிப்பின் அங்கீகாரம் நடப்பில் உள்ளதா? ‘விண்ணப்பித்திருக்கிறோம்’ என்ற பதில் அங்கீகாரம் ஆகாது.

4. முந்தைய மாணவர்கள் எந்த நிறுவனங்களில் தொழில் பயிற்சி செய்தார்கள்? முதல் வேலை பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வரும்.

5. தனியார் கல்லூரி என்றால், நான்கு ஆண்டுக் கட்டணம், தங்குமிடம், உணவு எல்லாம் சேர்ந்து மொத்தம் எவ்வளவு? அதில் பி.டி.பி.டி.என். கடன் எவ்வளவை ஈடுகட்டும், மீதி எங்கிருந்து வரும்?

ஐந்தாவது கேள்வியைக் கேட்கப் பெற்றோர் கூச்சப்படுவதுண்டு. கூச்சப்பட வேண்டியதில்லை. இரண்டாம் ஆண்டில் கட்டணம் கட்ட முடியாமல் படிப்பை நிறுத்துவதைவிட, அரசுப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் தேர்வாகக் கிடைத்த பொறியியல் படிப்பை ஏற்றுக்கொள்வது பல குடும்பங்களுக்கு நல்ல முடிவாக இருக்கும். வேதிப்பொறியியலோ மின்னணுப் பொறியியலோ படித்துவிட்டும் இந்தத் துறைக்குள் வரலாம். முதுகலையில் கிளையை மாற்றிக்கொள்ளலாம்.

மருத்துவர் ஆக வேண்டும் என்பதே பிள்ளையின் உறுதியான விருப்பமானால், உயிரியல் பொறியியல் அதற்கான பின்வாசல் அல்ல என்பதையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். ஆனால், உடைந்த மின்விசிறியைக் கழற்றிப் பார்க்கிற பிள்ளை, பாட்டியின் சர்க்கரைக் கருவி எப்படி எண்ணைக் காட்டுகிறது என்று கேட்கிற பிள்ளை வீட்டில் இருந்தால், யு.பி.யு. பட்டியலில் இந்தப் படிப்பை மூன்றாவது, நான்காவது இடத்திற்குத் தள்ள வேண்டியதில்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு அது முதல் தேர்வாகவே இருக்கலாம்.